அண்ணை சொன்ன கப்பல்காரர் வீடு

ராசா,

உன் கலியாணத்துக்கு முன் உனக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மருமகளாக வரும் கமீலோடு எப்படி ஒத்துப்போகவேண்டும், கோபம் வந்தால் என்ன செய்யவேண்டும், மூன்று பாஷை புழங்கும் வீட்டில் பிள்ளைகளை எப்படி வளர்க்கவேண்டும் என்றெல்லாம் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். நான் பிள்ளை பார்க்கும் காப்பகத்தில், அந்தக் கார்டெரியில், மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் அமைதியான நேரத்தில் அந்த வசனங்களைத் திருத்திக்கொண்டிருப்பேன். நல்லாகத்தான் வந்திருந்தன. இப்போது அவற்றில் ஒன்றையும் எழுத எனக்கு முகமில்லை. இல்-பிசார் தீவில் உன் புது வீட்டில், இரண்டு குடும்பமும் முதன்முதலாக ஒன்றுகூடிய அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் என் அண்ணையை, உன் பெரிய மாமாவை, எப்படி நடத்தினேன் என்று உன் கண்ணால் பார்த்தாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்கத் தேவையில்லை. கமீலுக்கும் வாசித்துக் காட்டு.

அன்று நீ போட்டுக் காட்டிய அந்தத் தொலைக்காட்சி நாடகத்தை உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் இருந்த சின்ன அப்பார்ட்மென்டில், உன்னைத் தூங்கவைக்க நான் சொன்ன கதை அதுதான். இங்கிலாந்தின் வடக்குக் கரையில் ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே ஒரு கப்பல் தலைவரின் வீடு. அவர் கடலுக்குப் போய் வெகு நாளாகிறது. மனைவி வீட்டறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறாள். வாடகைக்கு இருந்தவர்களில் ஒருவருக்கு ஒற்றைக் கை. மாலையில் அவர் அந்தக் கையாலேயே பியானோ வாசிப்பார். கப்பலோ தூரத்துக் கடலொன்றில் பனிக்கட்டிக்குள் அகப்பட்டு அசையமுடியாமல் நிற்கிறது. வசந்தம் வந்து கடல் உருகியதும் தலைவர் வீடு திரும்புகிறார். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இதை உன் சொந்தக் குடும்பத்துக் கதையாகவே வகுப்பில் சொல்லிவிட்டாய். உன் ரீச்சர் என்னைக் கண்டபோது, கப்பல் தாத்தா சுகமாக இருக்கிறாரா என்று விசாரித்தார். நானும் நீயும் பள்ளிக்கூட வாசலில் பனியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நான் அதை யாழ்ப்பாணத்தில் பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது. எங்கள் குறுகிய ஒழுங்கையில், ரோட்டு வேலை பார்க்கும் ஓவசியர் வீட்டில் மட்டும்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. கிழமைக்கு ஒரு நாள் பின்னேரம் அவர் பெட்டியை வாசலுக்கு நேராகத் திருப்பி வைப்பார். நாங்கள் பாயில் இருப்போம். அன்ரெனாவைப் பிடித்துத் திருப்ப ஒருவர் கூரையில் ஏறவேண்டும். கறுப்பு வெள்ளைப் படம், அதிலும் பாதி புள்ளியும் கோடும்தான். ஆனாலும் நாடகம் தொடங்கும்போது வரும் அந்த இசையும், மூடுபனிக்குள் கேட்கும் கப்பல் ஊதலும், படியிறங்கி வரும் அந்தப் பெண்ணின் நீண்ட சாம்பல் நிறக் கோட்டும் எங்களைக் கட்டிப்போட்டுவிடும். அந்த நாடகத்தின் இங்கிலிஷ் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஒழுங்கைக்கு அது ‘கப்பல்காரர் வீடு.’

எங்களில் எவருக்கும் அவர்கள் பேசுவது விளங்காது. அதனால் அண்ணை சொல்வார். உன் பெரிய மாமாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்து, ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் அதைத் தமிழில் சொல்லுவார். பெண் பேசினால் குரலைத் தாழ்த்துவார். குடிகாரன் பேசினால் நாக்குழறுவார். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, ஓவசியரே வீட்டுக்கு வந்து, போர்வையோடாவது வந்து இரு தம்பி என்று கூட்டிக்கொண்டு போனார். மொன்ட்ரியாலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் பழைய உடுப்புக் கடையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு வாங்கினேன். உன் அப்பா, ஆம்பிளைக் கோட்டு மாதிரி இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு உறைந்த ஆற்றங்கரையில் நின்றபோது, அண்ணை சொன்ன கடல் இதுதான் என்று நினைத்தேன். உன் அப்பா காலமானபின் எத்தனையோ நாள் அந்தக் கதைதான் எனக்குத் துணையாக இருந்தது.

எனக்காக நீ அந்த நாடகத்தைத் தேடத் தொடங்கினாய். தயாரித்தவர்களே அதை அழித்துவிட்டார்கள், நாற்பது வருடமாக அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலர் என்றாய். பழைய நாடகப் பிரியர்களிடம் இணையத்தில் விசாரித்து, அந்த ஒற்றைக் கைப் பியானோவைக் கொண்டே ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, இங்கிலாந்தில் யாரோ ஒரு பெரியவர் தன் வீட்டில் பதிந்து வைத்திருந்த பிரதியை எடுப்பித்தாய். எல்லாப் பாகமும் கிடைக்கவில்லை. நீ மாமாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, “எந்தப் பாகங்கள் கிடைச்சது?” என்றுதான். அதை நீ என்னிடம் சொன்னாய். அண்ணைக்கும் அவ்வளவு ஆசை என்று நான் நினைத்தேன். என் பிறந்தநாளுக்கு, கமீலின் பெற்றோரையும் அழைத்து, உன் புது வீட்டுச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினாய். ஒரு மகன் தாய்க்கு இதைவிட என்ன செய்யமுடியும்?

இனிமேல்தான் வெட்கக்கேடு. படம் தொடங்குமுன் நான் எவ்வளவு கதைத்தேன் என்று நினைத்துப்பார். கமீலின் அப்பா பொறியியலாளர், அம்மா கல்லூரியில் இலக்கியம் படிப்பித்தவர். அவர்கள் முன் நான் கார்டெரியில் பிள்ளை பார்க்கும் பெண்ணாக மட்டும் இருக்க விரும்பவில்லை. சின்ன வயதிலேயே பிரிட்டிஷ் நாடகம் பார்த்து வளர்ந்தவள் என்று காட்டவேண்டும் என்று ஒரு நப்பாசை. நாடகத்தை நேற்றுப் பார்த்ததுபோல முழுக் கதையையும் பிரெஞ்சில் சொன்னேன். பனியில் நின்ற கப்பல், செய்தி கொண்டு வரும் தலைவரின் தங்கச்சி, கடைசியில் அவர் திரும்பி வருவது எல்லாம் சொன்னேன். மாமா சுவரோரக் கதிரையில் இருந்தார். “அண்ணை, நான் சொல்லுறது சரிதானே?” என்றேன். “ஓம் பிள்ளை” என்றார்.

முதல் பாகத்தில் அந்தக் கோட்டு பச்சை நிறமாக இருந்தது. எல்லோரும் சிரித்தோம், நானும் சந்தோஷமாகத்தான் சிரித்தேன். இரண்டாவதாக நீ போட்டது நடுவில் உள்ள ஒரு பாகம். ஒரு பெண் சின்னக் குழந்தையோடு வந்து கதவைத் தட்டுகிறாள். தலைவரின் தங்கச்சி வரும் இடம் என்று எனக்கு உடனே பிடிபட்டது. இன்றைக்கு எனக்கு இங்கிலிஷ் விளங்கும். அந்தப் பெண் வாசலில் நின்றபடியே சொன்னாள், உன் புருஷன் என்னோடுதான் இருக்கிறார், இது அவருடைய பிள்ளை என்று. கப்பலும் இல்லை, பனியும் இல்லை. கமீலின் அம்மா என் பக்கம் சாய்ந்து, மெதுவாகப் பிரெஞ்சில் கேட்டார்: “இவள்தானே நீங்கள் சொன்ன சகோதரி?”

என் முகம் கொதித்தது. எல்லோரும் என்னை ஒரு பொய்க்காரியாகவோ, ஒன்றும் விளங்காத பட்டிக்காட்டாளாகவோ நினைப்பார்கள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அந்த வெட்கத்தை ஒரு கணம்கூட நான் வைத்திருக்கவில்லை. சுவரோரம் இருந்த அண்ணையின் தலையில் கொட்டிவிட்டேன். “அண்ணை, இதென்ன கதை? நீங்கள் எங்களுக்கு வாயில வந்ததை எல்லாம் புளுகியிருக்கிறியள். உங்களுக்கு இங்கிலிஷில ஒரு சொல்லும் விளங்கேல்லை, என்ன?” என்று சத்தமாகச் சிரித்தேன். சொன்னதோடு விட்டேனா? அவர்களுக்கும் விளங்கவேண்டும் என்று அதைப் பிரெஞ்சில் திருப்பிச் சொன்னேன். இவர் ஒரு ஒழுங்கை முழுவதையும் ஏமாற்றியவர் என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பாகம் முடிந்ததும் எழுந்து கோட்டைப் போட்டார்.

“சாப்பிட்டிட்டுப் போங்கோ மாமா” என்று நீ வாசலுக்கு ஓடினாய்.

“இல்லை மகன். பஸ்ஸுக்கு நேரமாகுது.”

அந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமை பஸ் எப்போது வருமென்று கடவுளுக்குத்தான் தெரியும். நீ காரில் கொண்டுபோய் விட்டாய். நான் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. விருந்தாளிகளுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். அன்று இரவு தொலைபேசியில் நீ, என்னோடு எப்போதும் பாதி பிரெஞ்சில் கதைக்கும் நீ, முழுக்கத் தமிழில் சொன்னாய்: “அம்மா, நீங்கள் செய்தது சரியில்லை.” ஒரு பகிடிக்கு இவ்வளவு பெரிய எடுப்பா என்று நான் உன்னோடும் சண்டை பிடித்தேன். மாமாவுக்கு எடுத்தபோது அவர் தொலைபேசியைத் தொடவே இல்லை. கலியாண விருந்தில் அப்பாவின் இடத்தில் நின்று பேசப்போகிறவர் அவர்தான் என்று நீயும் கமீலும் எப்போதோ தீர்மானித்திருந்தீர்கள். அது நினைவுக்கு வந்தபோதும் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.

எனக்குப் புத்தி வந்தது கார்டெரியில். ஒரு பின்னேரம் எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் சப்பாத்தும் தொப்பியும் போட்டபடி ஜன்னலில் நின்றது. அன்றைக்கு அவளைக் கூட்டிப்போவது அப்பாவின் முறை. அவர் மறந்துவிட்டார், அம்மாதான் வேலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தப் பிள்ளை என்னிடம், “பப்பா எங்கே?” என்று கேட்டது. நான் கொஞ்சமும் யோசிக்காமல், “பப்பாவின் பஸ் பனியில் நிற்கிறது. சில்லு சுத்தமாட்டேன் என்கிறது. பப்பா இறங்கித் தள்ளிக்கொண்டிருக்கிறார்” என்றேன். பிள்ளை சிரித்தது. இன்னும் சொல்லு என்றது. நான் இன்னும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அண்ணை சொன்ன, பனிக்குள் நின்ற கப்பல் நினைவுக்கு வந்தது.

என் அப்பாவைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. வெளியாட்களுக்குச் சொன்னதே இல்லை. அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போனார். முதலில் மாதா மாதம் வந்தார், பிறகு பெருநாளுக்கு மட்டும் வந்தார், பிறகு வரவே இல்லை. எனக்குப் பதின்மூன்று வயதானபோதுதான் அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருப்பது வெளியே வந்தது. நாங்கள் ஓவசியர் வீட்டுப் பாயில் இருந்து அந்த நாடகத்தைப் பார்த்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் அவரைக் காத்துக்கொண்டிருந்தோம். என் அம்மாவும் அந்தப் பாயில்தான் இருந்தா. இத்தனை வருடம் எனக்கு இது இரண்டும் வெவ்வேறு நினைவாகவே இருந்திருக்கிறது. உன் வீட்டுச் சுவரில் அந்தப் பெண் வாய் திறந்து சொன்ன பிறகும் எனக்கு விளங்கவில்லை. அப்போது என் மானத்தைக் காப்பாற்றுவதில்தான் நான் மும்முரமாக இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாமாவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், “வா பிள்ளை, சப்பாத்தைக் கழட்டு” என்றார். சமையலறையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். டவுன்டவுன் ரெஸ்ரோரன்ட் சமையல் வேலையை விட்ட பிறகும் அந்தக் கை வேகம் அப்படியே இருக்கிறது. தேத்தண்ணி வைத்துத் தந்தார். நான் குடிக்காமல் இருந்தேன்.

“அண்ணை, அப்பாவின்ர விஷயம் உங்களுக்கு அப்பவே தெரியுமோ?”

கத்தியைப் பலகையில் வைத்தார். “கொழும்புக்குப் போய்வாற லொறிக்காரர் ஒராள் சொன்னவர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“நாடகத்தில அந்த மனிசி வந்து சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?”

“விளங்காமல் என்ன? எல்லாரும் என்ர வாயைப் பாத்துக்கொண்டு இருக்கினம். அம்மா எனக்குப் பக்கத்தில. நான் என்னத்தைச் சொல்ல? தங்கச்சிக்காரி எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அந்த ஆளை எங்கையாவது வைக்கவேணுமே. கப்பலைக் கொண்டுபோய்ப் பனிக்குள்ள விட்டன்.” மெல்லச் சிரித்தார். “கடைசிப் பாகம்தான் கஷ்டப்படுத்திப் போட்டுது. கதவடியில வந்து நிண்டது ஆரோ கப்பல் கொம்பனி ஆள், அந்த மனுசன் செத்துப்போனார் எண்டு சொல்ல வந்தவன். முகத்தைக் காட்டாமல் முதுகைத்தான் காட்டினவங்கள். நல்லகாலம். இவர்தான் வந்திட்டார் எண்டு சொன்னன். அவ அழுததும் பொருந்திச்சு.”

பிறகு அவர் சொன்னதை நீ கவனமாகக் கேள். அம்மா இங்கே வந்து கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு நாள் பின்னேரம் மாமா சாப்பாடு கொண்டுபோயிருக்கிறார். உள்ளே அம்மா இங்கிலிஷில் தாதியோடு கதைத்துக்கொண்டிருந்தா. இரண்டொரு சொல் இல்லை, நல்ல முழு இங்கிலிஷ். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவ என்று எங்களுக்குத் தெரியும். எங்களை வளர்த்த காலம் முழுவதும் ஒரு சொல் பேசிக் கேட்டதில்லை.

“நான் கேட்டன்,” என்றார் மாமா. “‘அம்மா, அப்ப அந்த நாடகம்?’ எண்டன். அவ சோத்தைக் கரண்டியால கிளறிக்கொண்டு சொன்னா, ‘எனக்கு நீ சொன்னதுதான் தம்பி பிடிச்சிருந்தது’ எண்டு.”

ராசா, அம்மா அந்தப் பாயில் இருந்து, தன் வாழ்க்கையில் நடப்பதை அந்தப் பெட்டிக்குள் கேட்டிருக்கிறா. அதே நேரம் தன் மகன் தனக்காக அதை மாற்றிச் சொல்வதையும் கேட்டிருக்கிறா. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் கிழமைக்குக் கிழமை அந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். நான் அவர்களுக்கு நடுவில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை.

நான் மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். மாமா தேத்தண்ணியைத் திரும்பச் சூடாக்கினார். “நீ என்னைப் புளுகன் எண்டு சொன்னது பெரிசில்லை பிள்ளை. அண்ணன் தங்கச்சி ஆயிரம் சொல்லலாம். அதைப் பிரெஞ்சில திருப்பிச் சொன்னாய் பார். அதுதான் எனக்கு ஏலாமல் போச்சு” என்றார்.

பிரெஞ்சில் செய்ததைப் பிரெஞ்சில்தான் திருத்தவேண்டும் என்று தோன்றியது. அடுத்த நாள் கமீலின் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் தகப்பன் எங்களை விட்டுப் போனவர் என்று சொன்னேன். அந்தச் சொற்களை நான் எந்தப் பாஷையிலும் ஒரு வெளியாளுக்குச் சொன்னதில்லை. அண்ணைக்கு இங்கிலிஷ் நன்றாகத் தெரியும், அவர் எதற்காக மாற்றிச் சொன்னார், நான் எதற்காக அவரைச் சிரிப்புக்காளாக்கினேன், எல்லாம் சொன்னேன். உங்கள் முன் பெரியவளாகத் தெரியவேண்டும் என்ற ஆசையில் செய்தேன் என்றும் சொன்னேன். இலக்கணம் எல்லாம் பிழைத்தது. கடைசியில், “உங்கள் அண்ணாவிடம் நாங்கள் சிரித்ததற்கும் மன்னிப்புக் கேட்கவேண்டும்” என்றார். அதைக் கேட்டபோது என் வெட்கம் குறையவில்லை, கூடியது. நான்தானே அவர்களைச் சிரிக்கவைத்தது.

உனக்கு எழுத வைத்திருந்த புத்திமதியெல்லாம் போய்விட்டது. ஒன்றுதான் மிச்சம். வெட்கம் வரும்போது உன் கை யாரை நோக்கிப் போகிறது என்று பார். என் கை, எனக்கு ஒருநாளும் திருப்பி அடிக்கமாட்டார் என்று தெரிந்த ஒரே மனிதரை நோக்கிப் போனது. உனக்கும் கமீலுக்கும் இடையில் ஒருநாள் அப்படி வரும். உன்மேல் அன்பு வைத்தவள் தாங்கிக்கொள்வாள் என்ற தைரியத்தில்தான் வரும். அப்போது அந்த வெட்கத்தைக் கொஞ்ச நேரம் நீயே வைத்திரு. அது சுடும். ஆனால் சுட்டுவிட்டு ஆறிவிடும்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து மாமா என் வீட்டுக்கு வந்தார். மீன் குழம்பும் புட்டும் சாப்பிட்டார். உன் அப்பாவின் படத்துக்கு முன் கொஞ்ச நேரம் நின்றார். வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “மகனிட்டைச் சொல்லு, கலியாணத்துக்கு நான் வருவன். ஆனா அங்கை எழும்பிப் பேசச் சொல்லவேண்டாம். என்னால ஏலாது.”

ஒரு ஒழுங்கை முழுவதும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கப் பேசிய மனிதர் அவர். அந்தக் குரலை நான் ஒரு பின்னேரத்தில் நிறுத்திப் போட்டேன். கெஞ்சாதே ராசா, காரணம் கேட்காதே, வேறொருவரையும் அந்த இடத்தில் நிறுத்தாதே. விருந்தில் அந்த நேரம் வரும்போது ஒருவரும் பேசாமல் அது சும்மாவே கழியட்டும். ஏன் ஒருவரும் பேசவில்லை என்று யாராவது கேட்டால், என் அம்மாவைக் கேளுங்கள் என்று சொல். நான் எழும்பி நின்று சொல்லுகிறேன்.

அம்மா